தொடாமல் வெட்டும் கத்திக்கு ஓர் உறை

ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் காய்கறி நறுக்கும் பொடியம்மாவின் கத்தி, எதையும் தொடாமலே வெட்ட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று முட்டைக்கோஸ் வந்திருந்தது. அவள் கோஸைப் பலகையில் வைத்துக் கத்தியை ஓங்கிய நேரத்தில் யாரோ உப்பு டப்பா எங்கே என்று கேட்க, கை பாதி வழியில் நின்றது. கோஸ் நிற்கவில்லை, சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து படுத்தது. அவள் உப்பு டப்பாவைக் காட்டிவிட்டு வந்து, கத்தியைக் காற்றிலேயே ஏற்றி இறக்கி மிச்சக் கோஸையும் நறுக்கி முடித்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வேலை முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். மேடைக் கல்லில் நேர்நேராகக் கோடுகள் விழுந்திருந்ததை மத்தியானம் துடைக்கும்போதுதான் பார்த்தார்கள்.

பொடியம்மா என்பது அவளுக்கு நோயாளிகள் வைத்த பெயர். சூப்பில் கேரட் இருப்பது நாக்குக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு பொடியாக நறுக்குவாள். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே கத்தி, ஒரே தீட்டுக்கல். தினமும் காலையில் பல் துலக்குவதுபோல் அதைத் தீட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். இத்தனை வருஷத் தீட்டலில் என்ன ஆயிற்று என்பதைத் தெருவுக்கு வந்த சாணைக்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். கத்தியை வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தவர், "இரும்பு இங்க முடிஞ்சிடுதும்மா. கூர் முடியல. அது பாட்டுக்கு வெளிய போய்க்கிட்டிருக்கு" என்றார். தன்னால் இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே போன கூர் முதலில் ஒரு சாண் இருந்தது. அடுத்த வருஷம் ஒரு மேசை அளவு, அதற்கடுத்த வருஷம் ஓர் அறை அளவு. கத்தியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் வெட்டும் என்பதால் அதோடு வாழ்வது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. கத்தியைச் சமையற்கூடத்தில் விட்டுவர அவளுக்கு மனசு வராது. வீட்டுக்கு எடுத்து வரும்போது வாய் வானத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நடப்பாள். தாழ்ந்த மேகம் இருக்கிற நாட்களில் அது கிழிந்து, அவள் வரும் வழி நெடுக ஒரு முழ அகலத்துக்கு மழை பெய்யும். எதிரே வருகிறவர்கள் நின்று, மழை போன பிறகு தெருவைக் கடப்பார்கள். வீட்டில் பின்சுவரைப் பார்த்தபடி ஓர் ஆணியில் மாட்டி வைப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் குடியிருந்தார். அவர் மேசைமேல் விரித்துவைத்த துணி, சாக்பீஸ் போட்ட கோட்டின்மேல் தானாகவே வெட்டுப்பட்டு வந்தது. அவர் ரொம்ப நாள் அதை வெளியில் சொல்லவில்லை.

மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாடி வீட்டுக்காரியின் துணிக்கொடி அடிக்கடி அறுந்து விழுந்தது. கேபிள்காரர் வந்து வந்து சலித்துப்போனார். பொடியம்மாவின் கணவருக்கு முக்குச் சந்தில் பஞ்சர் கடை. மனைவியின் வேலைத்திறமையைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் பேசாத நாள் கிடையாது. ஆனால் அவர் சட்டையில் பொத்தான் நின்ற நாளும் கிடையாது. அவர் லாரி டியூபை வெட்டி ஓர் உறை செய்து பார்த்தார். அது இரண்டானது. தகர டப்பா இரண்டானது. தச்சர் செய்து கொடுத்த மரப்பெட்டி, அவர் திரும்பி வீடு போய்ச் சேருவதற்குள் நான்கானது. ஆற்றில் போட்டுவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னபோது, "அப்புறம் ஆத்தை யாரு தைக்கிறது?" என்று பொடியம்மா கேட்டாள்.

இப்படியே போயிருக்கும். மகளுக்குக் குழந்தை பிறந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். உடம்பு தேறும்வரை அம்மா வீட்டில் வந்து இருப்பது என்று பேச்சு. பொடியம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தாள், புதுப் பாய் வாங்கினாள், தொட்டிலுக்கு மெத்தென்ற கயிறாகத் தேடி வாங்கினாள். போன் வந்தது.

"அம்மா, தொட்டில் எங்க கட்டப்போறே?"

"கூடத்துலதான். காத்து நல்லா வருமே."

"கத்தி எங்க மாட்டியிருக்கு?"

பொடியம்மா சுவரைப் பார்த்தாள். ஆணியில் கத்தி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் காற்று பட்டால் அது திரும்பும். திரும்பினால் வாய் எந்தப் பக்கம் பார்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"அது அந்த வீட்ல இருக்கிற வரைக்கும் நான் புள்ளையைத் தூக்கிட்டு வரமாட்டேம்மா. கோவிச்சுக்காதே."

"அது என் கைடி. கையைக் கழட்டி வைக்கச் சொல்றியா?"

"அது உனக்குக் கைன்னா, இது எனக்கு உசிரு" என்றாள் மகள். போனில் குழந்தை சிணுங்குவது கேட்டது. பொடியம்மா அந்தச் சத்தம் நிற்கும்வரை ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டுக் கணவர் சொன்னார்: "தோல்ல ஒண்ணு தைச்சுப் பாக்கலாமே. ரப்பர், மரம், தகரம் எல்லாம் பாத்தாச்சு. தோல் பாக்கலையே." மறுநாள் செருப்புக் கடைக்காரரிடம் போனாள். அவர் அளவெடுக்க நாடாவை நீட்டினார்; நாடா துண்டு துண்டாக மடியில் விழுந்தது. "முடியிற இடம் தெரிஞ்சாத்தாம்மா அளவு. இது எங்க முடியுதுன்னே தெரியலையே" என்று கைகூப்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் அவளுக்கு ரோஷம் வந்தது. தீட்டியவள் அவள். இவ்வளவு தூரம் கூரை வளர்த்தவள் அவள். உறையையும் அவளே தைப்பாள். அடுத்தவர் கையை எதிர்பார்ப்பதாவது?

தோல் சாமான் விற்கும் கடை பெரிய கடைத்தெருவின் கடைசியில் இருந்தது. உள்ளே நுழைந்தால் எண்ணெயும் மரப்பட்டையும் கலந்த வாசனை அடிக்கும். சுருட்டிவைத்த தோல்கள் ஒரு பக்கம், சுவர் முழுக்கக் கருவிகள் ஒரு பக்கம். நடுவில் கண்ணாடி அலமாரியில், நீல வெல்வெட்டில் பதித்த ஒரு பெரிய பெட்டி. அதில் பூ அச்சு, இலை அச்சு, பறவை அச்சு, வளைந்த உளி, வளையாத உளி, பெயர் தெரியாத ஏதேதோ. பொடியம்மாவுக்கு முன்னால் அவள் பெருமை கடைக்குள் போய்விட்டிருந்தது. "கத்திக்கு உறை தைக்கணும். அந்தப் பெட்டி" என்று கைகாட்டினாள். தோலும் கேட்டாள்: குழந்தை கன்னம்போல் மெத்தென்று இருந்த கைப்பைத் தோல். கடைக்காரர் எதுவும் கேட்காமல் கட்டிக் கொடுத்தார்.

லீவு நாட்களில் எல்லாம் உட்கார்ந்து தட்டினாள். உறையின் இரு பக்கமும் பூவாகப் பூத்தது. ஓரத்தை மடித்துத் தையல் ஊசியால் தைத்தாள். தெருவே வந்து பார்த்தது. மாடி வீட்டுக்காரிகூட வாயில் விரலை வைத்தாள். கத்தியை உள்ளே விட்டாள். கணவர் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்குவதற்குள் தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது. உறை வாழைப்பழத் தோல்போல் விரிந்தது. கீழே விழுந்த கத்தி தரையில் ஒரு கோடு போட்டுவிட்டு நின்றது. கணவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விரிந்து கிடந்த தோலைப் பார்த்தார்.

"பூ நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் நூல் துணுக்குகளைப் பொறுக்கினார். அப்படிப் பொறுக்கும்போது அவள்தான் கவனித்தாள்: தோலில் ஒரு கீறல்கூட இல்லை. நூல் மட்டும்தான் அறுந்திருக்கிறது. அத்தனையும் உள்பக்கமாக, கத்தியின் வாய் வந்து முட்டுகிற பக்கமாக. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். கடைக்காரர் பிரிந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இதுக்குன்னு தெரிஞ்சும் இந்தப் பெட்டியையா குடுத்தீங்க?"

"நீங்க பெட்டி கேட்டீங்க, குடுத்தேன். உறைக்கு என்ன வேணும்னு நீங்க கேக்கவே இல்லையே அக்கா."

பொடியம்மாவுக்கு முகம் சூடானது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். ஆனாலும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. இப்ப கேக்கறேன். என்ன வேணும்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வருஷக்கணக்காக யாரும் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. முதலில் தோல் என்றார். கைப்பைத் தோல் தொட்டுப் பார்க்கத்தான் நல்லது, இதற்கு மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய கெட்டித் தோல் வேண்டும். நனைத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும், காய்ந்தால் கேட்ட பேச்சை மறக்காது. ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினார். பலகைபோல் சத்தம் வந்தது. அடுத்து, இரண்டு தோலுக்கும் நடுவில், வாய் வரும் ஓரத்தில், அதே தோலில் ஒரு பட்டை வைத்துத் தைக்க வேண்டும். "கத்தி வாய் போய் அந்தப் பட்டைமேல உக்காந்துக்கும். நூலை அது பாக்கவே பாக்காது." அவ்வளவுதானா என்று பொடியம்மா நினைத்தாள். ஒரு பட்டை! அவள் வாழ்நாளில் நறுக்கிய கோஸ் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பலகை இருந்ததே, அது தோன்றவில்லையே.

பிறகு அவளே எழுந்து சுவரண்டை போனாள். கரண்டி வாங்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படித் தோலில் ஓட்டை போடும் குத்தூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிடியின் குமிழ் உள்ளங்கைக் குழியில் உட்காருகிறதா என்று பார்த்தாள். பளபளப்பானவை எல்லாம் உருண்டன. அழுக்கு மஞ்சள் பிடி போட்ட ஒன்று மட்டும் கைக்குள் போனதும் அசையவில்லை. அதன் முனை உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும், ஓட்டை கிழியாமல் விழும் என்றார் கடைக்காரர். ஊசிகளைக் காட்டினார், அவள் விரலில் குத்திப் பார்த்துவிட்டு முறைத்தாள்.

"என்னங்க, மொக்கையா இருக்கு?"

"மொக்கைதான் வேணும். ஓட்டை போடறது குத்தூசி வேலை. இது சும்மா அந்த வழியா போயிட்டு வரணும். கூரா இருந்தா நூலையே குத்திக் கிழிச்சிடும்."

கூராக இல்லாததால் பயன்படுகிற ஒரு சாமானை அவள் அன்றுதான் பார்த்தாள். இரண்டு வாங்கிக்கொண்டாள்; ஒரே நூலின் இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டும் எதிரெதிராகப் போக வேண்டும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மெழுகு ஏற்றிய நூல் ஒரு கண்டு. தோல் வெட்ட ஒரு குட்டைக் கத்தி, இரும்பு ஸ்கேல். தையல் இடைவெளி ஒரே மாதிரி விழுவதற்குப் பல் வைத்த ஒரு சக்கரத்தை அவர் நீட்டினார். "முள்கரண்டி வீட்ல இருக்கு" என்றாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, போதும் என்றார். சுத்தி கணவர் கடையில் இருந்தது. ஒட்டுவதற்குப் பசை காட்டினார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்யூஷன் இருக்கு, லாரி டயரே நிக்குது" என்றாள். ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்க அவளுடைய மரக்கரண்டியின் காம்பு போதாதா? போதும். பூ அச்சுப் பெட்டியை அவர் திருப்பி எடுத்துக்கொண்டு தோலைக் கொடுத்தார். தோலும் ஸ்கேலும் போக, அவள் வாங்கியதெல்லாம் ஒரு கைக்குட்டை முடிச்சில் அடங்கியது. முதல்முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது இல்லாத மிடுக்கு, இந்த முடிச்சோடு போகும்போது அவள் நடையில் இருந்தது.

கத்தியைத் தோல்மேல் வைத்து அளவுக்கோடு வரைவதற்கு, அதன் வாயைத் திறந்த ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். வெளியே காலி மனையில் மண்டியிருந்த புதரெல்லாம் ஒரே மட்டமாக வெட்டுப்பட்டது. அந்த இடத்தில் அன்றே பசங்கள் பந்து விளையாட ஆரம்பித்தார்கள். பட்டைக்கு இரண்டு அடுக்குத் தோலை சொல்யூஷன் போட்டு ஒட்டினாள். முள்கரண்டியால் ஓரம் நெடுகப் புள்ளி வைத்தாள். கணவர் இரண்டு மரச்சட்டங்களை போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கி ஒரு பிடி செய்து தந்தார். அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தைத்தாள். குத்தூசி உள்ளங்கையில் காய்ப்புக் காய்க்க வைத்தது. நூலை இரண்டு பக்கமும் இழுக்கும்போது அவள் தோள்கள் பறக்கப்போகிற பறவையின் சிறகுபோல் விரிந்தன என்று கணவர் பஞ்சர் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். தைத்து முடித்து, நனைத்து, கத்தி அளவுக்குச் செதுக்கிய மரத்துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே திணித்து, விரலால் அமுக்கி அமுக்கிக் காயவைத்தாள். ஒரு பூகூட இல்லை. காய்ந்தபோது அது கத்தியின் முகஜாடையில் இருந்தது.

சோதிக்க வேண்டிய நாள் வந்தபோது, கத்தியை உறையில் விடும்போது அதன் வாய்க்கு நேரே ஒரு பூசணிக்காயை வைக்கலாம் என்றாள் அவள். கணவர் பூசணிக்காயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தானே போய் நின்றுகொண்டார்.

"என்னங்க பைத்தியமா? தள்ளுங்க."

"பூசணிக்காய் வெட்டுப்படலைன்னா உன் பொண்ணு நம்பமாட்டா. நான் நின்னேன்னு சொல்லு, நம்புவா."

"எதாவது ஆயிடுச்சுன்னா?"

"தைச்சது யாரு?"

அவள் ஒரு கையில் உறையையும் மறு கையில் கத்தியையும் எடுத்தாள். அவர் பார்வையை அவள் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. கத்தி உள்ளே இறங்கியது. கடைசியில், கெட்டித் தோல் இரும்பைக் கவ்வுகிற ஒரு சத்தம் கேட்டது. அவர் சட்டைப் பொத்தான்கள் அதனதன் இடத்திலேயே இருந்தன. கைக்கடிகார வார் இருந்தது. மீசை இருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்வீட்டுத் தையல்காரர் கவலையோடு வந்து, தங்கள் வீட்டில் கத்தரிக்கோல் ஏதாவது இருக்குமா, துணி திடீரென்று வெட்டுப்பட மாட்டேன் என்கிறது என்று கேட்டார். அப்போதுதான் பொடியம்மா தரையில் உட்கார்ந்தாள்.

மகள் குழந்தையோடு வந்து இறங்கியதும் நேராக ஆணிக்குத்தான் போனாள். கத்தியை உறையோடு எடுத்துக் கையில் வைத்து, தையல்மேல் கட்டை விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை.

"யார்கிட்டம்மா குடுத்துத் தைச்சே?"

"யார்கிட்டயும் குடுக்கல."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் இருந்த காய்ப்பைப் பார்த்தாள். பிறகு உறையைப் பழையபடி மாட்டிவிட்டு, கத்திக்குப் பக்கத்திலேயே உத்தரத்தில் இருந்த வளையத்தைக் காட்டினாள். "தொட்டிலை இங்கயே கட்டிடும்மா. இங்கதான் காத்து வருது."

அதன்பிறகு வருஷங்கள் சுமுகமாகப் போயின. கேபிள்காரர் அந்தத் தெருவுக்கு வழி மறந்துபோனார். கூர் வளர்வது மட்டும் நிற்கவில்லை. ஓர் அறை என்பது ஒரு கூடமாகி, ஒரு தெரு அளவுக்கு வந்தது. பட்டைமேல் உட்கார்ந்த வாய் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தது. தெருவில் பலர் அவளிடம் உறை கேட்டார்கள். சமையற்கூடத்தின் கத்திகளுக்கெல்லாம் அவளே தைத்துக் கொடுத்தாள். இன்னும் நாலு சாமான் வாங்கிக்கொள்ளலாமே என்று தோல் கடைக்காரர் எப்போதாவது ஆசை காட்டுவார். அவள் சுவரை முழுக்கப் பார்ப்பாள், ஒவ்வொன்றையும் எதற்கென்று கேட்பாள், ஒரு கண்டு நூல் மட்டும் வாங்கிக்கொண்டு வருவாள்.

அவள் ஓய்வுபெற்ற நாளில் ஆஸ்பத்திரிப் பெரிய கூடத்தில் விழா வைத்தார்கள். டாக்டர்கள், நர்சுகள், பாத்திரம் தேய்ப்பவர்கள், நடக்க முடிந்த நோயாளிகள் என்று கூடம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு பெரிய கேக். வெட்டுவதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கத்தி கிரீமிலேயே வளைந்துவிட்டது. பொடியம்மாவைக் கடைசி வரிசைக்குப் பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே, கணவருக்கும் பேத்திக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலிக்கிறது, இங்கிருந்தே வெட்டிவிடுகிறேன் என்றாள். நடுவில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். அவள் உறையிலிருந்து கத்தியை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே மணிக்கட்டை மட்டும் அசைத்தாள். கேக் நெடுக்கிலும் குறுக்கிலும் துண்டுகளானது. அடியில் இருந்த காகிதத் தட்டில் ஒரு கீறல் இல்லை, அத்தனை வருஷத்தில் கை அவ்வளவு பக்குவப்பட்டிருந்தது. கைதட்டினார்கள். கத்தி உறைக்குள் போனது. துண்டுகளை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார்கள், எல்லாம் ஒரே அளவு. கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர் ஒருவர், கேக் நன்றாக இருக்கிறது, கிரீம்தான் கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்தி என்றார். பொடியம்மாவும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள்.